இரண்டில் ஒன்று பார்

1

செவ்வாய்க்கிழமை காலை நகராட்சியிலிருந்து கடிதம் வந்தது. நான்கே வரி. துறைமுகக் கால்வாயில் சிற்பம் நிறுவ நான் அனுப்பிய விண்ணப்பத்தைப் பரிசீலித்தார்களாம். ஜோடியின் இரண்டாவது சிற்பத்துக்கான வரைபடம், எடை, அடித்தள விவரம் ஆகியவை இணைக்கப்படவில்லையாம். அவை வந்து சேரும்வரை அனுமதி நிறுத்திவைக்கப்படுகிறதாம். கீழே ஹெங்க் என்ற அதிகாரியின் கையெழுத்து, அதற்கு மேல் ‘நட்பான வாழ்த்துகளுடன்’. நெதர்லாந்தில் கதவைச் சாத்தும்போதும் வாழ்த்திவிட்டுத்தான் சாத்துவார்கள்.

நான் செய்தது ஒரே ஒரு சிற்பம்.

மூன்றாவது முறை படித்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. ‘படைப்பின் பெயர்’ என்ற கட்டத்தில் ‘பார்’ என்று ரோமன் எழுத்தில் எழுதியிருந்தேன். பி, இரண்டு ஏ, ஆர். டச்சு மொழியில் அதே நான்கு எழுத்து, கிட்டத்தட்ட அதே உச்சரிப்பு, பொருள் மட்டும் ‘ஜோடி’. கையுறை ஒரு பார், காலுறை ஒரு பார், கல்யாணமானவர்கள் ஒரு பார். ஐந்து ஆண்டுகளாக இந்த மொழியில் வேலை பார்க்கிறேன். கடையில் ஒரு பார் காலுறை கேட்டு வாங்கியவள்தான் நானும். ஆனால் அந்தக் கட்டத்தை நிரப்பிய நிமிடத்தில் என் தலைக்குள் டச்சு இல்லை, கடல் இருந்தது.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காக: கடலடியில் பாறையும் பவளமும் கிளிஞ்சலும் இறுகி மேடாகக் கிடக்கும் இடம் எங்களுக்குப் பார். மீன் கூடுவது அங்கே. சங்கு கிடப்பது அதைச் சுற்றிய மணலில். முத்துச்சிப்பி அடுக்கடுக்காக விளைந்ததும் அங்கேதான். ஒவ்வொரு பாருக்கும் ஊர்த் தெருக்களைப் போலத் தனித்தனிப் பெயர் உண்டு.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். சிற்பத்தை இறக்க மிதவைக் கிரேன் அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குப் பதிவாகியிருந்தது. அதை விட்டால் செப்டம்பர்தான். அதில் வந்து ஒட்ட வேண்டிய சிப்பிக் குஞ்சுகள் செப்டம்பர்வரை காத்திருக்காது.

2

நான் படித்தது எந்திரவியல். சிப்பி வளர்ப்பே பெரும் தொழிலாக இருக்கும் ஒரு சிறு துறைமுக ஊரில், கலைஞர்கள் வரைந்து தருவதை ரோபோ கையால் அச்சிட்டுக் கொடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். இந்த ஊரின் பழைய சிப்பி இனம் கால்வாயில் அருகிவிட்டது. அதன் குஞ்சுகள் வந்து ஒட்டிக்கொள்ளும்படி ஒரு சிற்பம் வேண்டும் என்று கலைக்குழு ஒன்று அறிவித்தது. கலைஞர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம் என்று எங்கும் போடவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து திட்டம் எழுதி அனுப்பினேன். தேர்வானது.

வடிவத்தை நான் கற்பனை செய்யவில்லை. என் அண்ணன் சேவியர் சங்கு குளிக்கப் போகிறவன். தண்ணீருக்கடியில் எடுக்கும் சின்ன கேமரா ஒன்றை அவனுக்கு அனுப்பி, அவன் வழக்கமாக இறங்கும் பாரில் ஆள் உயரத்துக்கு நிற்கும் ஒரு திட்டைப் படமெடுக்கச் சொன்னேன். ஒரு பொருளைப் பல கோணங்களில் எடுத்த படங்கள் இருந்தால் கணினி அவற்றைக் கோத்து முழு உருவமாக்கிவிடும். குறிப்புகளை எண் போட்டு அனுப்பினேன். ஒன்று, மெதுவாக நீந்து. இரண்டு, மேலே ஒரு சுற்று, நடுவே ஒரு சுற்று, அடியில் ஒரு சுற்று. மூன்று, கட்டைவிரலை லென்ஸில் வைக்காதே. நான்கு, எதையும் உடைக்காதே. ஐந்து, அளவு தெரிவதற்காக, நீளம் தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் வை.

முதல் நான்கையும் ஒழுங்காகச் செய்தான். ஐந்தாவதற்குத் தன் வலது கால் ரப்பர் செருப்பைக் கொண்டுபோய்த் திட்டின் உச்சியில் வைத்து, மிதந்துவிடாமல் அதன்மேல் ஒரு கல்லையும் வைத்திருந்தான்.

“அளவுக்குப் பொருள் வைன்னா செருப்பயா வைப்ப?” என்று போனில் கத்தினேன்.

“ஏளா, ஒம்பது நம்பர் செருப்பு. இங்கன வாங்குனாலும் ஒம்பதுதான், சாத்தான்குளத்துல வாங்குனாலும் ஒம்பதுதான். இதவிட என்ன அளவு வேணும் ஒனக்கு?”

பொறியாளராக அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சிற்பத்தின் எல்லா அளவுகளும் அந்தச் செருப்பிலிருந்துதான் வந்தன.

படமெடுத்து முடித்துக் கல்லை எடுத்ததும் செருப்பு அவன் கையிலிருந்து நழுவி மேலே போய்விட்டது. அவன் தலை தூக்குவதற்குள் நீரோட்டம் கொண்டுபோயிற்று. “இந்நேரம் சிலோன்ல எவனாவது போட்டுக்கிட்டு அலைவான், ஒத்தக்கால்ல” என்றான். படங்களில் மட்டும் அது அப்படியே இருந்தது. செருப்பு எது, பார் எது என்று கணினிக்குத் தெரியாதே. இரண்டையும் ஒரே மேடாக உருக்கிச் சேர்த்திருந்தது. இரண்டு சொடுக்கில் அழித்திருக்கலாம். நான் அழிக்கவில்லை.

அச்சிட்ட கலவையில் மூன்றே பொருள்: இந்த ஊர் உணவகங்கள் ஒதுக்கும் சிப்பி ஓட்டின் தூள், சுண்ணாம்பு, மணல். ரோபோ கை அதைக் குழாய் வழியே விரல் தடிமனில் பிழிந்து, வரிமேல் வரியாக ஏற்றும். மூன்று முறை சரிந்து விழுந்தது. நான்காவது முறை நின்றது. ஈரச் சுண்ணாம்பு காயும்போது, திருவிழாவுக்கு முன் வெள்ளையடித்த மாதா கோயில் சுவரின் வாசம் பட்டறை முழுக்க வந்தது. இரண்டு மீட்டர் உயரம், உள்ளே கைநுழையும் பொந்துகள், வெளியே வரிவரியாகச் சுருள். பெருமையோடு அண்ணனுக்குப் படம் அனுப்பினேன்.

“இது பாரு மாதிரியா இருக்கு? மக்ரூன் மாதிரில்லா இருக்கு” என்று குரல் பதிவு வந்தது. “எவனும் கடிச்சிராம பாத்துக்க.”

கோபத்தோடு படத்தை மறுபடி பார்த்தேன். பேக்கரி அண்ணாச்சி கூம்பு கூம்பாகப் பிழிந்து வைத்த முந்திரி மக்ரூனேதான்.

3

பட்டறையின் திட்டப் பொறுப்பாளர் மரைக்கே. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நல்லவர், எந்தச் சிக்கலுக்கும் அன்றே வழி கண்டுபிடிப்பவர். கடிதத்தைப் படித்ததும் சிரித்தார். பிறகு மடிக்கணினியைத் திறந்தார்.

“பெயரை மாற்றிவிடலாம் யெசிந்தா. ‘முத்து’ என்று வை. எங்கள் மொழியிலும் அழகான சொல். வெள்ளிக்கிழமைக்குள் புதிய படிவம் கொடுத்தால் அடுத்த வாரமே அனுமதி. விளக்கக் கடிதம் எழுதினால் மறுபரிசீலனை, அதற்கு ஆறு வாரம்.”

ஆறு வாரம் என்றால் என்ன என்பது இருவருக்கும் தெரியும். தாய்ச்சிப்பி வெளியே விட்ட குஞ்சு ஏறக்குறைய பத்து நாள் நீரில் மிதக்கும். அதற்குள் அதற்கு ஒரு கண்புள்ளியும் ஒரு சிறு காலும் முளைக்கும். காலால் தடவித் தடவி, சுத்தமான கடினமான இடம் கிடைத்தால் ஒட்டிக்கொள்ளும். கிடைக்காவிட்டால் செத்துப்போகும். சிற்பத்தை முன்கூட்டியே இறக்கினால் பாசி மூடிவிடும், தாமதமாக இறக்கினால் குஞ்சு இருக்காது. அந்த வாரத் தண்ணீர் மாதிரியில் குஞ்சுகளின் எண்ணிக்கை ஏற ஆரம்பித்திருந்தது. இந்தப் பருவம் தவறினால் அடுத்த ஆண்டுக்குக் கலைக்குழுவிடம் திட்டமே கிடையாது. கொல்லையில் நிற்கும் ஒரு பெரிய மக்ரூன்தான் மிச்சம்.

சரி என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பழக்கம் அப்படி.

இங்கே வந்த நாள்முதல் நான் சரி என்று சொன்னவற்றைப் பட்டியல் போடுகிறேன். என் பெயருக்குப் பின்னால் இருந்த அப்பாவின் பெயரைக் குடும்பப் பெயர் என்றார்கள். சரி என்றேன். அன்றிலிருந்து மருத்துவமனையில் ‘செல்வி அந்தோணி’ என்று என் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், நான் எழுந்து போகிறேன். பிறப்புச் சான்றிதழில் ‘தூத்துக்குடி’, பாஸ்போர்ட்டில் ‘டூட்டிகோரின்’. நான் எந்த ஊரில் பிறந்தேன் என்று முடிவு செய்யச் சொன்னார்கள். இரண்டும் ஒரே ஊர் என்பதற்குத் தாசில்தார் கையெழுத்து வாங்க அண்ணன் ஏழு வாரம் அலைந்தான். ஜெசிந்தா என்ற என் பெயரின் முதலெழுத்து இவர்கள் வாயில் ‘யெ’ ஆகிவிடும். இரண்டாம் ஆண்டில் திருத்துவதை நிறுத்தினேன்.

அவையெல்லாம் என்னுடையவை. நான் விட்டுக்கொடுத்தால் எனக்குத்தான் நஷ்டம். பார் என் பெயரில் பட்டா போட்ட சொல் இல்லையே.

அதோடு, ‘முத்து’ என்ற பெயர் வந்தால் பின்னாலேயே வேறொன்றும் வரும் என்று தெரியும். கரையில் வைக்கும் பலகைக்குக் கலைக்குழு முதலில் அனுப்பிய வாசகம்: ‘அழிந்துபோன முத்துக்குளி உலகத்துக்கு ஓர் அஞ்சலி’. அடித்துவிட்டு ஓரத்தில் எழுதினேன்: ‘என் அண்ணன் இன்று காலை கடலுக்குப் போயிருக்கிறான்.’ முத்துக்குளிப்பு நின்றது உண்மை. ஆனால் முத்து என்பது எங்கள் கடலிலிருந்து யார் யாரோ எடுத்துப்போனது. எடுத்துப்போனவர்களில் இந்த நாட்டுக் கப்பல்காரர்களும் உண்டு. எடுக்க முடியாமல் அங்கேயே கிடப்பது பார். அதைத்தான் நான் செய்திருந்தேன்.

“பெயர் பார்தான்” என்றேன்.

மரைக்கே யோசித்தார். “எங்கள் பழைய ஆவணக் காப்பகத்தில் உங்கள் கடற்கரையைப் பற்றி நிறைய இருக்கும். அங்கே இந்தச் சொல் கிடைத்தால் இணைக்கலாம். மறுக்க மாட்டார்கள்.”

நல்லெண்ணத்தில்தான் சொன்னார். “என் வீட்டில் தினமும் புழங்கும் சொல்லுக்கு உங்கள் எழுத்தர்கள் சாட்சி சொல்ல வேண்டாம், மரைக்கே” என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் மடிக்கணினியை மூடிவிட்டு, வெள்ளிக்கிழமைவரை நேரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னார்.

4

வியாழன் மதிய இடைவேளையில் வீட்டுக்குப் பேசினேன். அங்கே மாலை நான்கு. அண்ணன் கடலிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். போனை அம்மா பிடித்திருந்தாள். வழக்கம்போல அவள் நெற்றி மட்டும் தெரிந்தது. விஷயத்தைச் சொன்னேன்.

“ஜோடி எங்கன்னு கேக்கானா?” என்றாள் அம்மா. “நல்ல மனுசன். நானும் மூணு வருசமா அதத்தான கேக்கேன்.”

“அம்மா, சிற்பத்துக்கு.”

“நானும் சிற்பத்துக்கா கேட்டேன்?”

பின்னாலிருந்து அண்ணன் சோறு அடைத்த வாயோடு சிரிப்பது கேட்டது. “சரி, பேர மாத்துனா என்ன கொறஞ்சிரும் ஒனக்கு? முத்துன்னே வையேன்.”

“நீ இப்ப எங்க போயிட்டு வார?”

“பாருக்கு.”

“முத்துக்கா போயிட்டு வார?”

“முத்துக்கு நான் எங்க போவ? அதெல்லாம் எந்தக் காலம்!” என்றவன் நிறுத்தினான். “சரிளா, சரி. வக்கீல் மாதிரி மடக்காத. அப்ப விடாத. ரெண்டுல ஒண்ணு பாத்துரு.”

“பாத்தா ஆறு வாரம் போயிரும்ணே. குஞ்செல்லாம் செத்துரும்.”

“அவனுக்கு ஜோடிதான வேணும்? நம்ம வீட்ல ஒரு ஜோடி கெடக்கு. என் எடது கால் செருப்பு. அம்மா தூரப்போட விடமாட்டேங்கா.”

“அது நல்ல செருப்புலே, வாரு கூடத் தேயல” என்றாள் அம்மா. “கரப்பான் அடிக்க ஆவும்.”

“கூரியர்ல அனுப்புதேன். இதுதான் ரெண்டாவது சிற்பம்னு அவன் மேசையில வச்சிரு.”

அவர்கள் இருவரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எனக்கு ஒரு கேள்வி வந்திருந்தது.

“அண்ணே, நீ படம் எடுத்தியே, அந்தத் திட்டு இன்னும் அங்கனதான இருக்கு?”

“பின்ன? அது எந்திரிச்சு எங்க போவும்? இன்னைக்குங்கூட அதுக்குப் பக்கத்துலதான் எறங்குனேன்.”

“எத்தன பாகம் ஆழம்?”

“எட்டு. எதுக்குக் கேக்க?”

“படிவம் நெரப்பணும்” என்றேன்.

5

வெள்ளிக்கிழமை நான் நகராட்சிக்கு அனுப்பிய பதில், இங்கே தமிழில்:

ஐயா, உங்கள் கடிதத்துக்கு நன்றி. நீங்கள் சொல்வது சரி. இது ஜோடிதான். விடுபட்ட சிற்பத்தின் விவரங்கள் கீழே.

பெயர்: பார்.
இடம்: மன்னார் வளைகுடா, தூத்துக்குடிக்குக் கிழக்கே.
ஆழம்: எட்டு பாகம். ஒரு பாகம் என்பது ஒருவர் இரு கைகளையும் விரித்த நீளம்.
பொருள்: பாறை, பவளம், சிப்பி ஓடு.
எடை: இதுவரை யாரும் தூக்கிப் பார்த்ததில்லை.
அடித்தளம்: அதுவே அடித்தளம்.
நிறுவிய நாள்: தெரியாது. உங்கள் நகராட்சிக்கு முந்தியது.
நிலை: உயிருடன் இருக்கிறது.
நேரில் கண்காணிப்பவர்: சேவியர், சங்கு குளிப்பவர்.
இணைப்பு: முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள். அளவுக்காகச் செருப்பு வைக்கப்பட்டுள்ளது.

அனுப்பும் முன் மரைக்கேயிடம் காட்டினேன். “அவரைக் கேலி செய்கிறாயா?” என்று கேட்டார்.

“இதில் பொய்யான வரி எது?”

மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை படித்தார். “ஒன்றும் இல்லை” என்று சொல்லிவிட்டு, எனக்காக அவரே அனுப்பும் பொத்தானை அழுத்தினார்.

சனியும் ஞாயிறும் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். துணிச்சல் என்பது கடிதம் எழுதும் அரை மணி நேரம்தான். மற்ற நேரமெல்லாம் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பது.

6

திங்கள்கிழமை ஹெங்க் அழைத்தார். குரலில் வயது தெரிந்தது. பின்னால் விசைப்பலகைச் சத்தம்.

“இரண்டாவது சிற்பம் எங்கள் நகராட்சி எல்லைக்குள் வராது. அப்படித்தானே?”

“வராது.”

“எல்லைக்கு வெளியே இருப்பதற்கு எங்கள் அனுமதி தேவையில்லை.”

“தேவையில்லை.”

“நல்லது. அப்படியானால் விண்ணப்பம் முழுமையாகிவிட்டது.” தட்டச்சு செய்தார். பிறகு, “பத்தொன்பதாவது படத்தில் இருப்பது செருப்பா?”

“ஆமாம். என் அண்ணனுடையது. உங்கள் அளவில் நாற்பத்து மூன்று.”

“எனக்கும் நாற்பத்து மூன்றுதான்” என்றார்.

புதன்கிழமை காலை அனுமதி வந்தது. ‘பார் 1/2: துறைமுகக் கால்வாய். பார் 2/2: எல்லைக்கு வெளியே.’ மரைக்கே என்னைக் கட்டிப்பிடித்தார். நான் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எண் தவறு” என்றேன்.

“யெசிந்தா, கிரேன் நாளைக் காலை ஒன்பது மணிக்கு!”

“ஜெசிந்தா” என்றேன். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு. “ஒன்று அங்கே இருக்கிறது. இது அதைப் பார்த்துச் செய்தது. இது எப்படி ஒன்றாகும்?”

திருத்தக் கோரிக்கைக்கும் இங்கே ஒரு படிவம் இருக்கிறது. நிரப்பி அனுப்பினேன். காரணம் என்ற கட்டத்தில் ‘மூத்தது முதலில்’ என்று எழுதினேன். அன்று நான்கு மணிக்குத் திருத்திய அனுமதி வந்தது, நட்பான வாழ்த்துகளுடன்.

வியாழக்கிழமை ஒன்பதே காலுக்குச் சிற்பம் நீரில் இறங்கியது. செருப்பு மேடு கடைசியாக மூழ்கியது.

இந்த ஊர்ச் சிப்பிக் குஞ்சு தன் ஓட்டையே பாறையோடு சேர்த்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியபின் அதற்கு வேறு இடமே கிடையாது. எங்கள் முத்துச்சிப்பி அப்படியல்ல. நூல் விட்டுக் கட்டிக்கொள்ளும், வேண்டுமென்றால் நூலை விட்டுவிட்டு நகர்ந்துபோய் வேறிடத்தில் புதிதாக நூல் விடும். ஐந்து ஆண்டு முடிந்ததால் எனக்கு வந்திருக்கும் குடியுரிமைப் படிவங்களில் ‘இங்கேயே நிலையாகத் தங்குவீர்களா?’ என்ற பொருளில் ஒரு கேள்வி இருக்கிறது. பதில் எழுதும்போது நான் எந்தச் சிப்பி என்பதை நினைவில் வைத்துக்கொள்வேன். நூலால் கட்டியிருப்பதும் கட்டியிருப்பதுதான். அதை யாரும் குறைவாக எண்ண வேண்டாம்.

ஜூலைக் கடைசியில் சிற்பத்தைச் சோதித்தோம். பொந்துகளுக்குள் சிப்பிக் குஞ்சுகள், சுண்டுவிரல் நக அளவில். செருப்பு மேட்டில் மட்டும் நான்கு. கரையில் பலகை வைத்தாயிற்று. அதில் தமிழில் ‘பார்’, கீழே ரோமன் எழுத்தில், அதற்கும் கீழே ‘2/2’. அஞ்சலி எதுவும் இல்லை. நடைபயிற்சிக்கு வருபவர்கள் நின்று படித்துவிட்டுக் கேட்கும் முதல் கேள்வி, ‘ஒன்று எங்கே?’ என்பதுதான். சொல்கிறேன். போன வாரம் ஓய்வுபெற்ற தம்பதி ஒன்று, விமானத்தில் எங்கே இறங்க வேண்டும், துறைமுகத்தில் யாரைக் கேட்க வேண்டும் என்று விவரமாக எழுதிக்கொண்டு போனது.

அண்ணனிடம் சொன்னேன்.

“வரட்டும்ளா, கூட்டிட்டுப்போய்க் காட்டுதேன்” என்றான். “செருப்ப மட்டும் கரையில கழட்டிட்டு வரச் சொல்லு.”